டேப் ஏறும் வரை

நேற்று எங்கள் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் யூனிட்டின் ஸ்டோர் அறையில் சிவப்பு ரப்பர் ஷீட் சுருள் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய் நாங்கள் கவனிக்கிற, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு மெத்தைமேல் விரிக்கிற ஷீட். பிரித்ததும் வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். நர்ஸ் பிந்து சிஸ்டர் வாசலிலிருந்து பார்த்துவிட்டார். "என்ன அண்ணா, மோந்து பாக்குதீங்க? தின்னுற சாதனமா அது?"

தோட்டத்து ரப்பர் ஷீட் ஏற்றிவரும் வெள்ளறடைப் பஸ்ஸில் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கோ ரப்பர் என்றால் கம்ப்யூட்டர். சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கு ரப்பர் பட்டன்கள். மூக்கு உரசுகிற மாதிரி குனிந்துதான் நான் விளையாடுவேன். முதுகில் அடி வாங்கித்தான் நிமிர்வேன்.

கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்ன கீபோர்டு, அவ்வளவுதான். திரைக்கு வீட்டு டி.வி., கேமுக்குச் சித்தப்பாவின் டேப் ரெக்கார்டர். பாட்டு கேசட் போலவே கேமும் கேசட்டில் இருக்கும். ஓடவிட்டால் காதைக் கிழிக்கிற கீச்சொலி வரும், டி.வி. ஓரத்தில் நிறநிறமாகக் கோடுகள் ஓடும், கேம் மெல்ல மெல்ல உள்ளே ஏறும். அந்த நேரம் பார்த்து அம்மா மிக்சி போட்டால் போச்சு! வோல்டேஜ் படுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அம்மா தேங்காய் அரைத்து முடித்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டுதான் நாங்கள் உட்காருவோம். நாங்கள் என்றால் நானும் சித்தப்பா மகள் ஷீபா அக்காவும்.

எனக்கு ஆட்களோடு ஒட்டவே ஒட்டாது. அக்காவோடு மட்டும் எப்படி உட்கார முடிந்தது என்று வெகுகாலம் எனக்கே புரியவில்லை. அவள் என்னைப் பார்க்க மாட்டாள், நான் அவளைப் பார்க்க மாட்டேன், இரண்டு பேரும் அந்தக் கோடுகளைப் பார்ப்போம். வாயைத் திறந்தால், "எலே, மிண்டாத இரி. இப்போ ஏறுமாக்கும்" என்பாள். என்னைப் பேசாதே என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் பேசு பேசு என்று உயிரை வாங்கினார்கள்.

கேசட் என்றதும் பாறசாலையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கல்யாணம் ஞாபகம் வருகிறது. மைக் செட்காரர் பாட்டு போதவில்லை என்று எங்கள் வீட்டுக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பந்தியில் இலை இலையாகப் பாயசம் விளம்பும் நேரம், தென்னையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் கீச்சொலி! பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார் விளம்பியவர். மணமகள் பயந்து எழுந்துவிட்டாள். செண்டைக்கும் வெடிக்கும் பயந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி ஒளிகிற நான், அன்று நேரே போய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று, சுரங்கத்தில் சாவி பொறுக்குகிற கேம் அது என்று ஓசையிலேயே கண்டுபிடித்துவிட்டுக் குதித்தேன். "ஊரெல்லாம் காதைப் பொத்துது, இவன் ரசிக்கான் பாரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்னபோது அம்மா அழுதாள். எனக்கு, அப்பாடா, இவ்வளவுதானா என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் பாலியேட்டிவில் வாலண்டியராகச் சேர்ந்தேன். ஸ்டோரை அடுக்கி வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வீடுகளுக்குப் போகத்தான் ஆசை. ஆட்களோடு ஆகாதவன் என்று ஆயுசு முழுக்கக் கேட்டாயிற்று. ஒரே ஒரு ஆளுக்காவது நான் ஆகவேண்டும் என்று வெறியே இருந்தது.

நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் நான். அமரவிளையில் ஒரு அம்மாவின் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். "சிஸ்டரே, இந்த ஆளு எதுக்கு என்னை முறைக்குதாரு? எனக்குப் பேடியா இருக்கு" என்று பயந்துபோனார் அவர். திரும்பும் வழியில் ஜீப்பில் சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ஒரு வீடு பாப்போம் அண்ணா. சரியாகல்லேன்னா ஸ்டோர் போதும். வருத்தப்படப்பிடாது." நான் வருத்தப்பட்டேன்.

அந்த இன்னொரு வீடு காரோடு என்ற ஊரில் செல்வராஜ் அண்ணன் வீடு. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். முதுகில் புண் வந்துவிட்டது. அதற்கு ஏர் பெட் வைக்கப் போனோம். "வாறவங்க எல்லாம் எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னே கேப்பாங்க. இப்போ ஆரு வந்தாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிடுதாரு" என்றார் அவர் மனைவி லில்லி அக்கா. அவரை வேறு கட்டிலுக்கு மாற்றி, ஏர் பெட்டை விரித்து மோட்டாரைப் போட்டோம். "காத்து நிறைய நேரம் ஆகும். நான் அடுத்த வீட்டுல பிரஷர் பாத்துட்டு வாறேன்" என்று சிஸ்டர் போய்விட்டார்.

எனக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. ஸ்டூலில் உட்கார்ந்து மெத்தையையே பார்த்தேன். மோட்டார் முனகியது. ஒவ்வொரு வரியாகக் காற்று ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சுவரைப் பார்த்துக் கிடந்தவரும் இந்தப் பக்கம் திரும்பி மெத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த ஓரத்துல உள்ளது இன்னும் ஏறல்ல, பாத்தியா?"

"ஏறும்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்குப் பிறகு ஒரு ஆள் பக்கத்தில் அப்படி நிம்மதியாக நான் உட்கார்ந்ததே இல்லை.

இப்போது கேம் ஏறக் காத்திருக்கும் வேலை யாருக்கும் இல்லை. கனடாவில் இருக்கும் ஷீபா அக்காவின் மகன் போனைத் தொட்டதும் திறந்துவிடுகிறது. டேப் ரெக்கார்டரும் டி.வி.யும் பழைய சாமான் எடுக்க வந்த ஆக்ரிக்காரரோடு போயின. போகட்டும். இன்னொன்றும் போயிற்று, அதற்குத்தான் எனக்கு ஆனந்தம். சிறுவயதிலிருந்தே எந்த வீட்டுக்குப் போனாலும் கூட வருகிறவர்கள் வாசலிலேயே எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். அம்மா கேட்டாள், அக்கா கேட்டாள். போன மாதம் இரண்டாம் தடவையாகக் காரோட்டுக்குப் போனபோது சிஸ்டரும் தொடங்கினார்: "இவரு அதிகம் மிண்ட மாட்டாரு, ஒண்ணும் நினைக்காதீங்க..."

"அது எங்களுக்கு அறியலாம் சிஸ்டரே" என்றார் லில்லி அக்கா. "அதுக்காகத்தானே இவரையே அனுப்பச் சொல்லி எங்க வீட்டுக்காரரு போன் பண்ணச் சொன்னாரு."

அதற்குப் பிறகு எந்த வீட்டு வாசலிலும் சிஸ்டர் அதைச் சொல்வதில்லை. கதவைத் தட்டிவிட்டு, என்னை முதலில் உள்ளே விடுகிறார்.