மாப்பிள்ளை வைத்த மரமும் மகள் வைத்த மருந்தும்

எங்கள் மாப்பிள்ளைக்குப் பகலெல்லாம் மரத்தைக் கொல்லும் வேலை. வீட்டுக்கு வந்தால் மரத்தை வளர்க்கும் வேலை. இரண்டையும் ஒரே உளியை வைத்துக்கொண்டுதான் செய்கிறார்.

பழைய கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள். சன்ஷேடின் மூலையிலும் தண்ணீர்க் குழாய் வளைகிற இடத்திலும் ஓர் ஆலங்கன்றோ அரசங்கன்றோ வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பறவை போட்ட விதை. விட்டுவைத்தால் வேர் உள்ளே இறங்கிச் சுவரையே பிளந்துவிடும். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து அதைப் பிடுங்கி, வேர் போன ஓட்டையில் மருந்து ஊற்றி, சிமெண்டு வைத்துப் பூச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர். ஒரு தடவை ஏழாவது மாடி உயரத்தில் தொங்கியபடியே தூங்கிப்போய்விட்டார். கண் விழித்தபோது ஒரு காக்கை அவர் தொப்பியில் பாதிக் கூடு கட்டி முடித்திருந்தது. நம்ப மாட்டீர்களா? சரி, கால்வாசிக் கூடு. அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

இந்த மனிதரிடம் ஒரு கோளாறு. பெரிய கன்றென்றால் ஈவிரக்கம் பார்க்காமல் பிடுங்குவார். இரண்டே இலை விட்டிருக்கும் பொடிசு என்றால் கை வராது. ஈரத் துணியில் வேரைச் சுற்றி, காலியான சாப்பாட்டு டப்பாவில் படுக்கவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கல்யாணமான புதிதில் என் மகள் கழுவுவதற்காக டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஓர் ஆலங்கன்றும் அதற்குத் துணையாக ஒரு மண்புழுவும் இருந்தன. அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு இறங்கி வந்துவிட்டார். மண்புழு பிறகு எங்கே போனதென்று தெரியாது. ஆலங்கன்று அப்படியே குடும்பத்தில் ஒட்டிக்கொண்டது. பால்கனியின் மூத்த பிள்ளை அதுதான்.

பிள்ளை என்று நானாகச் சொல்லவில்லை. அவர்தான் அப்படிச் சொல்வார். "பிள்ளைங்க தண்ணி குடிச்சாங்களா", "நடுப்பிள்ளைக்கு வெயில் ஆகலை", "கடைசிப் பிள்ளை துளிர் விட்டிருக்கு". பெற்ற பிள்ளை ஒருத்தி, என் பேத்தி, அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்து வெளியூர் விடுதியில் படிக்கிறாள். "வளர்ந்த பிள்ளைதான் சொல் பேச்சு கேக்கல அத்தை, இதுங்களாவது கேக்கட்டுமே" என்பார்.

கேட்கத்தான் செய்தன. அவர் வளர்ப்பதெல்லாம் தொட்டிக்குள் குட்டி மரமாக நிற்கும் போன்சாய். போன்சாய் என்றால் செடியைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கன்றை முதலில் சாதாரணத் தொட்டியில் அதன் இஷ்டத்துக்கு விடுவார். அடி கொஞ்சம் தடித்த பிறகு, நேரே கீழே ஓடும் ஆணிவேரை நறுக்கி, பக்க வேர்களைக் கோழிக்கால் மாதிரி விரித்து, தட்டு போன்ற ஆழமில்லாத தொட்டியில் உட்காரவைப்பார். செங்கல் பொடி, ஆற்று மணல், மக்கின எரு. துளிர் நீளும்போதெல்லாம் நுனியைக் கிள்ளுவார். கிளை தாழ வேண்டிய இடத்தில் கம்பி சுற்றுவார். சுற்றிவிட்டு மறந்துபோக முடியாது. கிளை பருத்தால் கம்பி பட்டைக்குள் பதிந்து தழும்பாகிவிடும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்ப்பார். என் மகளுக்கு ஒரு நாளாவது இந்தப் பதவிசில் வளையல் போட்டுவிட்டிருப்பாரா என்று நான் ஒருமுறை கேட்டுவைத்தேன். மூன்று நாள் என் கண்ணில் படாமல் நழுவினார்.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை அச்சுப் போலப் படிப்பாள். பால்கனிக்கு அவள் வைத்த பெயர் 'சின்ன வீடு'. "உங்க மாப்பிள்ளையா? வேலை விட்டு வந்ததும் சின்ன வீட்டுக்குப் போயிட்டாரு" என்று கடையிலிருந்தே எனக்கு ஃபோனில் சத்தமாகச் சொல்வாள். புதிதாகச் சேர்ந்த கேஷியர் பெண் அதை நம்பி, அவளுக்காக அழுது, பிறகு விஷயம் தெரிந்து அதற்கும் அழுதாளாம். "என்னிக்காவது ஒரு நாள் எல்லாத்தையும் அள்ளித் தெருவுல வீசப்போறேன்" என்பதை வாரம் தவறாமல் சொல்லிவிடுவாள். இதைத் தெருவே கேட்டிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்குப் பின்னால் இதுதான் வினையாக வந்தது.

போன வருஷம் மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. பெரிய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றில் வெடிப்புக்கு ஒரு மரமாக முளைத்துக் கிடந்ததாம். மாதக் கணக்கில் ஆகும். பால்கனியை மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தினமும் ஃபோன் வரும். முதலில் பிள்ளைகளைத்தான் விசாரிப்பார். பெண்டாட்டி அதற்கு அடுத்த வரிசையில்.

அங்கே கூட வேலை செய்தவர்களுக்கு இது காதில் விழுந்துவிட்டது. உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று மேஸ்திரி கேட்க, இந்த வெள்ளந்தி மனிதர் தொட்டி தொட்டியாக எண்ணிப் பார்த்து உண்மையான கணக்கைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு 'பெரிய குடும்பஸ்தர்' என்று பெயர். கயிறு இறக்கும்போதுகூட "பார்த்து இறக்குங்கப்பா, புள்ளகுட்டிக்காரன்" என்று சிரிப்பார்களாம். வெட்கப்பட்டுப்போன மாப்பிள்ளை, நாலு பேர் முன்னால் பேசும்போது மட்டும் பிள்ளை என்கிற வார்த்தையை விழுங்கிவிட்டு, மரம் என்று சொல்லப் பழகினார்.

வினை அங்கேதான் புகுந்தது.

வீட்டு அலமாரியில் இரண்டு பழுப்புப் பாட்டில்கள் உண்டு. இரண்டும் மகள் கடையிலிருந்து கொண்டுவந்த காலிப் பாட்டில்கள். ஒன்றில் செடிக்கு ஊற்றும் சத்து மருந்து. மற்றதில் சுவர் மரங்களின் வேரைக் கருக்கும் வேலை மருந்து. இரண்டுக்கும் மாப்பிள்ளையின் வாயில் 'மருந்து' என்றுதான் பெயர். பெயர் எழுதி ஒட்டாத பாட்டில் என் வீட்டில் இருக்கக் கூடாது என்று மகள் சட்டம் போட்டதால், அவரும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஒன்றில் 'பிள்ளைக்கு', மற்றதில் 'மரத்துக்கு'. அவரைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாரும் எழுத முடியாது.

அன்றைக்கு ஃபோன் வந்தபோது மேஸ்திரியும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குரலைத் தணித்து, ஆலுக்கு மட்டும் மருந்து வைக்க மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லி, "மரத்துக்கு மருந்து வெச்சிரு. ஒரு சொம்புத் தண்ணியில ஒரு மூடி" என்றார்.

மகள் அலமாரியைத் திறந்தாள். அவளுடைய தொழில் புத்தி வேலை செய்தது. குழந்தைகளுக்கான சிரப் தனி, பெரியவர்களுக்கான சிரப் தனி. தினமும் கடையில் எடுத்துக் கொடுப்பதுதானே. பிள்ளைக்கு என்றால் சின்னக் கன்றுகளுக்கு. மரத்துக்கு என்றால் வளர்ந்ததற்கு. ஆல் வளர்ந்து நிற்கிறது. சீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினாள்.

இரண்டு நாளில் இலை பழுத்தது. அடுத்த நாள் தொட்டால் உதிர்ந்தது. பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. மாப்பிள்ளையின் வேலைச் சட்டையைத் துவைக்கும்போது வருகிற அதே நெடி.

எனக்குக் கடையிலிருந்து ஃபோன் செய்தாள். "அம்மா, சின்ன வீட்டுக்கு மருந்து வெச்சுட்டேன்மா. சாகப்போவுது."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் இருமல் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படி இறங்கிப் போய்விட்டாராம்.

சிரிக்கிற நேரமில்லை அது. அவள் குரல் அப்படி இருந்தது. மரம் போகிறதே என்பது பாதிக் கவலை. மீதிப் பாதியை அவளே சொன்னாள்: "வேணும்னுதான் செஞ்சேன்னு நெனச்சுடுவாரும்மா. வாரா வாரம் தூக்கி வீசுவேன்னு சொன்ன வாய் இது. மருந்துக் கடைக்காரி மருந்தை மாத்தி ஊத்தினேன்னா யார் நம்புவா?"

உடனே அவரிடம் சொல்லிவிடு என்றேன். சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை. தொட்டியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டாள், நிழலுக்கு மாற்றினாள், மாலையில் அவர் ஃபோன் செய்தபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மாப்பிள்ளை கேட்டாராம்: "ரெண்டு நாளா நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. என்ன ஆச்சு, சொல்லு."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிறகு லைன் போய்விட்டது.

மறுநாள் காலை அவர் வந்து நின்றார். தலையெல்லாம் சிமெண்டுத் தூள். வேலை உடுப்போடு அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். செய்தி கேட்டு நானும் முதல் நாளே அங்கே போய்விட்டிருந்தேன். மகள் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் பால்கனிக்குப் போகவில்லை. நேரே அலமாரிக்குப் போய், இரண்டு பாட்டில்களையும் எடுத்து, ஒட்டியிருந்த சீட்டுகளை மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தானே மரம்னு சொன்னேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பாட்டிலிடம் சொன்ன மாதிரி இருந்தது.

மகள் மெதுவாக, "நான் வேணும்னு செய்யலங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம். "வேணும்னு செய்யறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே எனக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பியே. சத்தமில்லாம ஒரு காரியம் செய்ய உனக்கு எங்க தெரியும்?"

இதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, கொஞ்சல் என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் சுவரை விட்டு நகர்ந்துவிட்டாள்.

அப்புறம் நடந்தது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய காட்சி. மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணையெல்லாம் உதறி, வேரைக் குழாய் நீரில் அலசினார்கள். ஒரு பக்கத்து வேர் கறுத்து, தொட்டால் வழுவழுவென்று தோலுரிந்தது. மறுபக்கம் வெளுப்பாக, உறுதியாக இருந்தது. அவர் கறுத்ததை நறுக்க நறுக்க, மகள் இடுக்கியால் துண்டுகளைப் பொறுக்கினாள். "அதுவும் போச்சு, அதையும் வெட்டுங்க", "ஐயோ அது நல்லது, விடுங்க" என்று அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. புது மணலில் நட்டு, ஆடாமல் கட்டி, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்தார்கள். பிழைக்குமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். கோபுர வேலைக்கு அவர் திரும்பிப் போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "தினமும் பையைத் தூக்கிக் காத்து காட்டு."

காட்டினாள். கடைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் காட்டினாள். என் மகள் ஒரு மரத்தைப் பார்த்து, "ஏய், சோம்பேறி, ஒரு துளிராவது விடேன்" என்று மிரட்டியதை என் காதால் கேட்டேன். அந்த அதட்டலுக்குப் பயந்துதான் அது துளிர்த்தது என்று நான் சொல்வேன்; மணலும் நிழலும்தான் காரணம் என்று மாப்பிள்ளை சொல்வார். எப்படியோ, வெளுப்பு வேர் இருந்த பக்கத்தில் செந்நிற மொட்டு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. மறுபக்கம் வரவே இல்லை. அந்தப் பக்கத்துத் தண்டும் கிளையும் காய்ந்து, பட்டை உரிந்து, எலும்பு போல வெளுத்துவிட்டன. வெட்டி எறிந்துவிடலாமே என்று நான் கேட்டேன். கோபுர வேலை முடிந்து திரும்பியிருந்த மாப்பிள்ளை, வேண்டாம் என்று அதை மெல்லியதாகத் தேய்த்து வழவழப்பாக்கி அப்படியே வைத்துக்கொண்டார். பாதி எலும்பு, பாதி பச்சை. முழ உயர மரம், முந்நூறு வயசான கிழம் போல நின்றது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். பெரிய குடும்பஸ்தரின் குடும்பத்தைப் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளை பால்கனிக்கு அழைத்துப் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மூத்த பிள்ளை இதுதாண்ணே" என்றார். மேஸ்திரி சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வெள்ளைக் கொம்பைப் பார்த்ததும் குனிந்துவிட்டார். இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் பட்டுப்போக வெச்சிருக்கியே, இதை எப்படிப் பண்ணினே?" என்றார்.

மாப்பிள்ளை ஓரக்கண்ணால் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"இடி விழுந்துச்சுண்ணே."

கூரை போட்ட பால்கனி. முழ உயர மரம். அதிலும் ஒரு பாதி மேல் மட்டும். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு மோசமாகச் சொன்னார். என்னிடம் கேட்டிருந்தால் நல்லதாக ஒன்று கொடுத்திருப்பேன்.

மகள் டீத் தட்டோடு வெளியே வந்தாள். "இடியும் விழல, மின்னலும் விழல. நான்தான் மருந்தை மாத்தி ஊத்தினேன். சொல்றதுக்கு என்ன?"

மாப்பிள்ளை தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

"அதைத்தாண்ணே சொன்னேன்" என்றார்.