சந்தனம் வைத்த பொத்தான்

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது திரும்ப வெளியே வருகிறதா என்று என் அப்பா பார்ப்பார். விளக்கு எரிந்ததா, மிக்சி ஓடியதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். ஆஸ்பத்திரி லிஃப்டில்கூட, விரலை எடுத்துவிட்டு, குனிந்து ஒரு கணம் பார்த்த பிறகுதான் நிமிர்வார். ஐந்தாறு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். கண் மங்கிவிட்டது போல என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். அதனால் அவர் குனியும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர் பெயர் கோவிந்தராசு. பஞ்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நூற்பு எந்திரங்களோடு வாழ்ந்தவர். ஆட்களைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, கிடைத்த தொகையில் கூரையை மாற்றலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, உப்பளம் பேட்டையில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்றைப் பிடித்தார். பலகையில் ‘சங்கரி கம்ப்யூட்டர்ஸ்’ என்று எழுதவைத்தார். சிவசங்கரி நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருடம். கல்லூரியில் நான் கம்ப்யூட்டரைத் தொட்டது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மூன்று பேரோடு ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு. அதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

கடையை உண்மையில் நடத்தியவள் அன்னக்கிளி. பக்கத்துத் தெரு. கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். டைப்ரைட்டிங் முடித்திருந்தாள். பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் கொண்டுவரும் பிரெஞ்சுக் கடிதங்களை, மொழி தெரியாமலே, ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பாள். சில எழுத்துகளின் தலையில் சின்னச் சாய்கோடு வரவேண்டும். எந்தச் சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் அது வரும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் கோட்டுக்காகவே ஆட்கள் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள்.

2004 ஆயுத பூஜை. கடை திறந்தபின் வந்த முதல் பூஜை. ஆலையில் வருடாவருடம் எந்திரங்களுக்குச் சந்தனம் வைக்கும் வேலை அப்பாவுடையது. அங்கே கிண்ணத்தில் சந்தனத்தைத் தளரக் கரைத்து, மூன்று விரலால் அள்ளி அப்புவார்களாம். இரும்பு அதைத் தாங்கும். இங்கேயும் அதே கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதுக்கு நெத்தி எங்க இருக்கு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். உயிர் வருகிற இடம்தான் நெற்றி என்று அவரே முடிவுசெய்து, முன்பக்கம் இருந்த பவர் பொத்தானின் மேல் ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அன்னக்கிளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் எல்லோருக்கும்தான். மறுநாள் காலையில் அவளே துணியால் துடைத்தாள், பளிச்சென்று ஆகிவிட்டது.

விஜயதசமி அன்று ஒரு தாளாவது அச்சடித்துத் தொடங்கவேண்டும். அப்பா பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, நாலைந்து விநாடியில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அப்படியே. பிளக்கை மாற்றினோம். பிரிண்டர் ஒயரைக் கழற்றினோம். பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் எடுத்துப் பார்த்தோம். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

அதற்குள் வாசலில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பக்கிரி, பென்ஷன் கடிதத்துக்காகக் காத்திருந்தார்.

“என்னா கோவிந்தராசு, ஒன் பொட்டி முழிச்சி முழிச்சி தூங்குது? நேத்து சுண்டல் ஜாஸ்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கூரைக்குப் போகவேண்டிய பணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பேப்பரில் வைரஸ் பற்றி எதையோ படித்திருந்தார். அன்னக்கிளியின் பக்கம் திரும்பினார்.

“முந்தாநாள் வீட்டுலேர்ந்து ஒரு சிடி எடுத்தாந்து போட்டியே, எதுக்கு?”

அவள் தம்பி எடுத்துக்கொடுத்த, குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அவை. ஒரு படம் அச்செடுக்கத்தான் கொண்டுவந்திருந்தாள்.

“நீங்கதானண்ணே போட்டுக்கன்னு சொன்னீங்க.”

“நானா? நான் எப்ப சொன்னேன்?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. வைரஸ் என்றால் இவ்வளவு சீக்கிரம் அணையாதே என்று நான் இழுத்தேன். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. என் குரலை யாரும் சட்டை செய்யவில்லை. அன்னக்கிளி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே குனிந்து வெளியே போனாள்.

தட்டாஞ்சாவடியில் இருந்து பிரேம்குமார் வந்தான். பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான். மெமரியை எடுத்து அழிரப்பரால் தேய்த்துப் பார்த்தான். சரியாகவில்லை. வண்டியில் வைத்துக் கட்டி எடுத்துப்போனான். மறுநாள், அங்கே நன்றாக ஓடுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தான். இங்கே அப்பா அழுத்தியதும் மறுபடி அணைந்தது. பிரேம்குமார் தலையைச் சொறிந்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது: அங்கே அவன் பொத்தானைத் தொடவே இல்லை. முன்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டு ஓடவைத்திருக்கிறான்.

முன்மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினான். பொத்தானைச் சுற்றி உள்ளுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. அழுத்தினால் உள்ளேயே நின்றுவிட்டு, மெதுவாகத்தான் வெளியே வந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைத்து, பெட்டி தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. பிரேம்குமார் நகத்தால் சுரண்டி, செதிளை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். நடுவில் குங்குமச் சிவப்பு அப்படியே இருந்தது.

“யாருகிட்டயும் சொல்லாதப்பா” என்றார் அப்பா.

அவன் போனபிறகு நான் கேட்டேன். “சிடி போட்டுக்கன்னு நீ சொன்னியாப்பா?”

அப்பா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார். “நாலு பேரு எதுர்ல எப்பிடிம்மா ஆமான்னு சொல்றது?”

அன்று சாயங்காலம் பொரிப் பொட்டலத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். அன்னக்கிளி நாற்காலி போட்டாள். மிஷின் சரியாகிவிட்டது, நாளையிலிருந்து வா என்று அப்பா சொன்னார்.

“என்னாச்சாம்ணே?”

அவள் கேட்டது அவ்வளவுதான். பதில் அப்பாவின் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

“கரண்டு பிரச்சனையாம்” என்றார்.

அவள் பொரிப் பொட்டலத்தைக் குழந்தையிடம் கொடுத்தாள். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை சொல்லியிருக்கிறார்கள், வேன் தெருமுனைக்கே வரும் என்றாள். திரும்பி நடக்கும்போது அப்பா எனக்கு முன்னால் வேகவேகமாகப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காகவா, என் பெயர் எழுதிய பலகைக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் வந்த ஆட்கள் யாருக்கும் சாய்கோடு போடத் தெரியவில்லை. பேனாவால் போட்டுக் கொடுத்தார்கள். பக்கிரி வேறு கடைக்குப் போனார். அப்பா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த ஆயுத பூஜைகளுக்குப் பெட்டியின் தலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். தினமும் பொத்தானை அழுத்திவிட்டு, குனிந்து பார்த்தார். அன்னக்கிளியின் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

போன வருடம் மார்கழியில் அவர் இறந்துபோனார். கருமாதிக்கு அன்னக்கிளி வந்திருந்தாள். அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய், சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறவே இல்லை.

“பிரேமு அப்பவே சொல்லிட்டான் சங்கரி. அது எனக்குத் தெரியும்.”

அப்படியானால் அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். கோபம் இல்லை.

“சந்தனம் வச்சது தப்பா, சாமிக்கு வச்சாரு. சிடி போட்டுக்கன்னு சொன்னாரா இல்லியா? அத அவருதான் சொல்லணும். நீ சொன்னா ஆவாது.”

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இலையை மூடிவிட்டு, வேனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். கூடத்தில் மாலை போட்டு வைத்திருந்த அப்பாவின் படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றாள். அவர் சொல்ல நேரம் கொடுப்பவளைப் போல நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.