மூலையில் இருந்த கட்டம்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிடக் கஷ்டமானது கீழே வரும் பெயர் வரிசை. தாய்மாமன் யாருக்கு மேலே, பெரியப்பா யாருக்குக் கீழே என்பதில் ஒரு வரி இடம் மாறினாலும் ஒரு குடும்பமே மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்க்காது. என் சித்தி மகளின் முதல் கல்யாணத்தில் அந்த வரிசையை முடிவு செய்வதற்குள் இரண்டு மாமன்மார் பேச்சை நிறுத்தி, மறுபடி பேசி, எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

அதனால் அவளுக்கு மறுகல்யாணம் என்று முடிவானதும் நான் புதிதாக எதுவும் யோசிக்கவில்லை. பழைய பத்திரிகைப் படத்தை எடுத்து மாப்பிள்ளை பெயர், அவரைப் பெற்றவர்கள் பெயர், தேதி மூன்றையும் மாற்றினேன். பெயர் வரிசையைத் தொடவே இல்லை. மண்டபமும் அதே சின்னமனூர் உறவின்முறை மண்டபம்தான். எங்கள் விசேஷங்கள் வேறெங்கும் நடப்பதில்லை. வலது மூலையில் ஒரு கியூஆர் கோடு இருந்தது. மண்டபத்துக்கு வழி காட்டும் மேப் என்று நானாக நினைத்துக்கொண்டு அப்படியே விட்டேன். தேனியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பெரிய காரியத்தை முடித்தவன் மாதிரி டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் கம்பத்துப் பெரியப்பா போன் செய்தார்.

"ஏலே, என் போன்ல வந்த கட்டத்த அதே போன வச்சு எப்படி ஸ்கேன் பண்றது? கண்ணாடி முன்னாடி போய் நிக்கணுமா?"

சிரித்துவிட்டேன். நானே பார்த்து மேப்பை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தேன். படத்தைக் கொடுத்தால் அதிலுள்ள கியூஆர் கோடை வாசித்துச் சொல்லும் தளம் ஒன்று எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் இருந்த பத்திரிகையை இறக்கி அதில் ஏற்றினேன். கோடு எதுவும் இல்லை என்றது. படம் அவ்வளவு மங்கிப்போயிருந்தது. மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மறுபடி ஏற்றியதும் ஒரு வரி வந்தது. மேப் இல்லை. முதல் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவின் இணைய முகவரி. அதன் கடைசியில் என் தங்கை பெயரும் முதல் மாப்பிள்ளை பெயரும் சேர்ந்து இருந்தன.

திறந்தேன். வர முடியாத கட்டப்பனைச் சொந்தங்களுக்காக அன்று நேரலையில் காட்டிய வீடியோ. இத்தனை காலமும் அங்கேயே இருந்திருக்கிறது. தாலி கட்டி முடித்த கையோடு அந்த மாப்பிள்ளை மைக்கை வாங்கி, சாப்பிடாமல் போகிறவர்கள் வீட்டுக்கு நானே வந்து சண்டை போடுவேன் என்று மண்டபத்தையே மிரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் தங்கை வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அடுத்த வருஷமே லோயர்கேம்ப் மலைப்பாதையில் பைக்கில் போய்த் திரும்பி வராத மனுஷன்.

இறந்துபோனவரின் கல்யாண வீடியோவை மறுகல்யாணப் பத்திரிகையோடு ஊருக்கே அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் யாராவது திறந்து பார்த்தால் என்ன ஆகும்? எத்தனை வருஷம் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்தோம். இது நின்றுபோனால் சித்தி முகத்தில் எப்படி முழிப்பேன்? எனக்கு ஆத்திரம் வந்தால் அறிவு வேலை செய்யாது. பயம் வந்தாலும் அப்படித்தான். ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அந்த வீடியோவை இந்த நிமிஷமே அழித்தாக வேண்டும் என்று கத்தினேன். அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, எங்களிடம் வேறு காப்பி கிடையாது, பொண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா என்று அங்கே வேலை பார்க்கும் பெண் நிதானமாகக் கேட்டாள். கேட்டாயிற்று, வீட்டில் பென்டிரைவும் இருக்கிறது என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த இணையப் பக்கம் வெறுமையாகிவிட்டது. சரியான மேப்போடு பத்திரிகையை மறுபடி அனுப்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, மாமன்மார் இருவருமே வந்தார்கள். தப்பித்துவிட்டேன் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

பொண்ணு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்திருந்தோம். மாப்பிள்ளை கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறிவிட்டுக் கை கழுவ வந்த தங்கை, கொல்லையில் நான் தனியாக நிற்பதைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, மொதல்ல அனுப்புன பத்திரிகையில ஒரு கட்டம் இருந்துச்சுல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அன்னிக்குச் சாயங்காலமே இவுக அதத் தொறந்து பாத்துட்டாக. பாத்துட்டு எனக்கு லிங்க் அனுப்புனாக. 'இது உனக்கு உள்ளது, எப்ப வேணும்னாலும் பாத்துக்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்'னு சொன்னாக. இப்படிப்பட்ட ஆளான்னு, அதுக்கப்புறந்தான் எனக்கு இந்தக் கல்யாணத்துல மனசே வந்துச்சு." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாதிதாண்ணே பாத்தேன். அவுக மைக்க வாங்கிப் பேச ஆரம்பிச்சதும் தாங்கல, மூடிட்டேன். மிச்சத்த மறுநா பாப்போம்னு தொறந்தா ஒண்ணுமே வரல."

பென்டிரைவ் இருக்குமே என்றேன்.

"அது எப்பவோ கெட்டுப்போச்சு. அவுக பேச்சு வேற எங்கனயும் இல்ல. நீ கம்ப்யூட்டர் பாக்குற ஆளுதான, திரும்ப எடுக்க முடியுமான்னு பாரேன்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அழிக்கச் சொன்னேன், உன்னைக் கேட்டதாகப் பொய்யும் சொன்னேன் என்று. கூடத்திலிருந்து மாப்பிள்ளை, அவள் இன்னும் சாப்பிடவில்லையே, அவளுக்கு இலை போடுங்கள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஸ்டுடியோவில் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அன்றைக்கே சொன்னோமே சார் என்றார்கள். இப்போதும் சில நாள் அந்தப் பழைய பத்திரிகையின் மூலையைப் பிரவுசரில் ஏற்றிப் பார்க்கிறேன். கோடு சரியாகத்தான் வாசிக்கிறது. இரண்டு பெயரும் சேர்ந்த அதே வரி வருகிறது, தொட்டால் வெறும் பக்கம். போன வாரம் அவள் போன் செய்தாள். வீட்டு நலமெல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கும்போது கேட்டாள்.

"பாத்தியாண்ணே?"

பாத்துக்கிட்டிருக்கேன்மா என்றேன்.