கம்பி வைத்த பல்

அக்காவின் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதல் வெள்ளையாக இருந்தது. திருச்சியில் பல் டாக்டர் அதை வைத்து முடித்துக் கையில் கண்ணாடியைக் கொடுத்தபோது அக்கா அதில் முகம் பார்க்கவே இல்லை. அப்பாதான் அவள் தாடையைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தூக்குக்குண்டு புடிச்ச மாதிரி நேரா நிக்கிது" என்றார். அப்பா கொத்து மேஸ்திரி. அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்தவர்கள் குடியிருந்த வீடுகளில் பாதி அவர் கைபட்டவை. எழுபதுகளின் கடைசி அது. அக்காவுக்குத் துணையாக ஒரு பெண்ணும் கூட வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் என்னையும் அந்தப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றிவிட்டாள். அதனால் அந்தப் பல்லின் கதை முழுவதும் எனக்குத் தெரியும்.

அக்காவை வேப்பந்தட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். பருத்தி எடுக்கிற காலத்தில் ஒரு நாள், பசி தாங்காமல், புருஷன் வருவதற்கு முன்பே அவள் சாப்பிட்டுவிட்டாள். அவன் கையிலிருந்த பித்தளைச் சொம்பு அவள் வாயில் வந்து மோதியது. அவனை மாமா என்று கூப்பிட எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுத்திலாவது அந்த மரியாதையைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்துக்கொள்கிறேன். மறுநாள் முதல் பஸ்ஸில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா வந்து இறங்கினாள். பல் ஏறக்குறைய ஈறோடு முறிந்திருந்தது. அம்மா சத்தம் போட்டு அழவில்லை. அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

சம்பந்தம் பேசிவைத்த பெரியப்பா வேப்பந்தட்டை போய் நியாயம் கேட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார். திரும்பி வந்தவர் கொண்டுவந்தது அக்கா மாமியாரின் ஒரு நிபந்தனையை. "மூளி வாயோட அவங்க வூட்டு வாசப்படி மிதிக்க வேணாமாம். பல்ல வச்சுக்கிட்டு வரச் சொல்றாங்க." உடைத்தவன் வீட்டில் உடைத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓட்டையான குடத்தை வாங்கின கடைக்கே அனுப்பி அடைத்து வாங்குவது போல அவளை எங்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். நிபந்தனை போடுகிறார்கள் என்றால் சேர்த்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். போகமாட்டேன் என்று அக்கா ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாள். "ஒனக்குக் கீழ ஒருத்தி நிக்கிறாளே, அவள நெனச்சுப் பாத்தியா?" என்று அம்மா என்னைக் காட்டினாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

திருச்சி டாக்டர் பொறுமையானவர். உடைந்த பல்லின் நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்து, அதற்குள் ஒரு உலோகக் கம்பியை இறக்கி, அதன்மேல் பீங்கான் பல்லை வைத்து ஒட்டப்போவதாகச் சொன்னார். கம்பி என்றதும் அப்பாவின் முகம் தெளிந்தது. அவருக்குத் தெரிந்த உலகம் அது. கம்பி கட்டிக் கலவை போட்டால் எதுவும் நிற்கும் என்பது எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்படாத விஷயம். டாக்டர் அவர் நினைப்பைப் படித்திருக்க வேண்டும். "மேஸ்திரி, இந்தக் கம்பி பலத்துக்கு இல்ல. மேல வைக்கிற பல்லு கழண்டு விழாமப் புடிச்சுக்கத்தான். பலமெல்லாம் மிச்சம் இருக்கிற சொந்தப் பல்லுலதான். இவங்களுக்கு ஈறுக்கு மேல ஒண்ணுமே மிச்சமில்ல. சோறு திங்கலாம். முன்பல்லால எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது" என்றார். பிறகு, எப்படி உடைந்தது என்று கேட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் அப்பா. டாக்டர் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம் விழாமப் பாத்துக்கங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். ரயில் லால்குடி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம், "சாமி குடுத்த பல்லுல கம்பி கெடையாது, இதுல இருக்கு. முன்ன இருந்ததவிட இது உறுதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கொண்டுபோய் விட்டோம். அந்தப் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். பஸ் கூரையில் கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் கொத்து, புதுப்பானை. அக்கா இளைத்துப் போயிருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சீர் பார்க்க வந்திருந்தபோது அவள் மாமியார் கரும்பைத் தொட்டுப் பார்த்து, "கரும்பு நல்லாத்தான் இருக்கு. ஒட்டுப்பல்லு வச்ச மருமவ எங்க கடிக்கப் போறா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா புருஷனும் சிரித்தான். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மகளைச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை, தான் நின்று முடித்த வேலையைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். சாரம் பிரித்ததும், நம்பாத வீட்டுக்காரர் கண்ணெதிரில் புதுத் தளத்தின் மேல் ஆளை நிறுத்திக் குதிக்கச் சொல்வார் அவர். அதே வேகத்தில் ஒரு கரும்பை முறித்து அக்காவிடம் நீட்டினார். "கடிச்சுக் காட்டும்மா."

அக்கா அவரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்த நான் வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றார் அப்பா. அவள் கரும்பை வாங்கி அந்தப் பல்லாலேயே கடித்துத் தோலை ஒரே இழுப்பில் உரித்தாள். பல் அசையவில்லை. அப்பா சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் அக்காவின் பின்னாலேயே கொல்லைப்பக்கம் போனேன். வாய் கொப்பளித்துத் துப்பினாள். ரத்தம் இல்லை. "உள்ளாற எதோ தெறிச்சாப்ல இருந்துச்சு. வலிக்கல" என்றாள். நல்லதுதானே என்றேன். "நரம்பெடுத்துட்டா வலிக்காதாம். இங்க வந்தப்புறம் எனக்கு எதுவுமே அப்புடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குனிந்து முற்றம் பெருக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் அவளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். பெரம்பலூர் வரும்வரை அப்பா உற்சாகமாகவே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கோடையில் அக்கா மறுபடி வந்து இறங்கினாள். அந்தப் பல்லுக்கு மேலே ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. வாய் நாறுகிறது என்று அடுப்பங்கரைக்குள் விடாமல் வாசலில் வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். முதுகில் வேறு தழும்புகள் இருந்தன. அவற்றுக்கு யாரும் திருச்சிக்குக் கூட்டிப்போகவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வேர் நெடுக்குவாட்டில் பிளந்துவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். "இன்னும் கொஞ்சம் தடிமனான கம்பியாப் போட்டிருந்தா நின்னிருக்குமா சார்?" என்று அப்பா கேட்டார். "இன்னும் சீக்கிரமாப் பொளந்திருக்கும். கம்பிய எறக்க வேரக் கொடஞ்சுதான ஆவணும்? கம்பி வளைஞ்சு குடுக்காது மேஸ்திரி. மொத்த அழுத்தமும் வேருக்குத்தான் போவுது." பிடுங்கிய பல்லைத் தட்டில் பார்த்தேன். வேர் இரண்டாகப் பிரிந்திருந்தது. கம்பி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் பளபளவென்று இருந்தது.

பெரியப்பா வந்து உட்கார்ந்து வழி சொன்னார். கழற்றி மாட்டுகிற பல் இருக்கிறது, அதை வைத்து அனுப்பிவிடலாம், அவர்களும் சரி என்கிறார்கள் என்று. டாக்டர் முன்பே எடுத்துவைத்திருந்த வாய் அச்சை வைத்துச் செய்த அந்தப் பல்லை அப்பா தனியாகத் திருச்சி போய் வாங்கிவந்தார். அக்கா வாயைத் திறக்க மறுத்தாள். முதலில் கெஞ்சினார். பிறகு கன்னத்தை அழுத்திப் பிடித்துத் திறக்கப் பார்த்தார். அவள் தாடையை இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா நடுவில் விழுந்து கையைப் பிடித்தாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "சின்னவளுக்கு யாரு வருவா? நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?" என்றார். எனக்கு யாரும் வரவேண்டாம் என்று கத்தினேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "மூளி வாயோட வரவேணாம்னு அவங்கதான சொன்னாங்க? நான் மூளியாவே இருந்துக்கிறேன்ப்பா. பல்லு இருந்தா நீங்க அனுப்பிடுவீங்க" என்றாள்.

அப்பா அவளை அனுப்பவில்லை. அனுப்ப முடியவில்லை என்பதுதான் சரி. அவன் மறுவருஷமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அப்பா சாகும்வரை அக்காவோடு நேராகப் பேசவில்லை; சோறு வேண்டுமென்றால் அம்மாவிடமோ என்னிடமோதான் கேட்டார். அக்கா சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தைகள் ஓட்டைப்பல் ஆயா என்று கூப்பிட்டார்கள், அவளும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்தாள். எனக்கு வரன் அமைய வெகுகாலம் ஆயிற்று. அதற்காக அம்மா அவளைத் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை.

போன மாதம் கடைவாய்ப் பல் வலி என்று அக்காவை அரியலூரிலேயே ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண், கெட்டிக்காரி. முன்வரிசை இடைவெளியைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கம்பி வைத்ததையும் வேர் பிளந்ததையும் மட்டும் நான் சொன்னேன். அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. இந்தக் காலமாக இருந்தால் ஈறைக் கொஞ்சம் ஒதுக்கி, உள்ளே இருக்கிற சொந்தப் பல்லை ஒரு விளிம்பு அளவுக்கு வெளியே தெரியவைத்து, மேலே வைப்பது அதைச் சுற்றிக் கவ்வுகிற மாதிரி செய்திருக்கலாம், கம்பியும் வளைந்து கொடுக்கிற வகையில் வந்துவிட்டது என்று படம் வரைந்து காட்டினாள். "அப்பவே அப்படிச் செஞ்சிருந்தா அந்த வேர் பொளந்திருக்காதும்மா. இன்னிக்கி வரைக்கும்கூட நின்னிருக்கும்" என்றாள் வருத்தமாக.

அக்கா அந்தப் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லவேளம்மா" என்றாள். "அப்ப நீங்க இல்ல."