துடக்குக் காலத்தில் ஒரு தூண்டில்

அந்தத் தை மாதம் சுவிஸின் துன் ஏரிக்கரையில் ஒருநாள்கூடப் பனி விழவில்லை. எதிரே நின்ற மலைகளின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. சறுக்க வருகிறவர்கள் குறைந்துபோனதால், நான் அறைகள் துப்புரவாக்கும் ஹோட்டலில் எங்கள் வேலை நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கக்கூடிய மதியங்கள்.

மாதத் தொடக்கத்தில்தான் என் கணவரின் மூத்த அண்ணை ஊரில் இறந்துபோனார். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த நாளே உடலை எடுப்பதாகப் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். டிக்கெட் தேடக்கூட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இவர் குசினி மேசையில் கைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துச் செத்தவீட்டைப் பார்த்தார். உடலைத் தூக்கும் நேரம் படம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது வெறும் கதிரைகள்தான் தெரிந்தன. இவர் எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்து தேத்தண்ணி கேட்டார். அழவில்லை. மறுநாள் வேலைக்கும் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் வரை எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு; அது முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. இவர் வேலை செய்வது ஒரு ரெஸ்டாரன்ட் குசினியில். அங்கே எக்லி மீன் பொரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பருப்பும் கீரையும் சாப்பிடுவார். துக்கம் கேட்டு யார் போன் எடுத்தாலும் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு என்னிடம் தந்துவிடுவார். அந்த அழைப்புகளில் என் குரல்தான் உடைந்தது. இவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் கோபமாகவும் இருந்தது.

ஒருநாள் வின்டர்தூரிலிருந்து மச்சாள் எடுத்தார். மச்சாள் என்றால் இவருடைய அக்கா. முதியோர் இல்லமொன்றில் வேலை. செத்தவர் அவருக்கும் அண்ணைதான்.

"துடக்கோட தூண்டில் போடுறானாம். உமக்குத் தெரியுமோ?"

ஏரிக் கப்பலில் வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர் கண்டு, கதை மச்சாளின் காதுவரை போயிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் இவருக்கு ஓய்வு உண்டு. வேலையிடத்தில் அதைச் சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அந்த நேரம் இவர் ரெஸ்டாரன்ட் மேல்மாடியில் படுத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை. ஏரிப் பாதையால் நடந்துபோய்ப் பார்த்தேன். கப்பல் துறைக்கு அப்பால், கல்லணையில், குசினிக் காற்சட்டையோடேயே தூண்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு சுவிஸ் முதியவர் ஒன்றன்பின் ஒன்றாக எக்லி இழுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக மாரியில் எக்லி ஆழத்துக்குப் போய்விடும், வள்ளம் இல்லாமல் எட்டாது. அந்த வருடம் தண்ணீர் சரியாகக் குளிராததால் கரைக்குக் கிட்டவே நின்றன. உள்ளங்கை நீளம், பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், சிவந்த செட்டை.

ஏச வேண்டுமென்றுதான் போனேன். அதற்குள் இவர் நூலைச் சுற்றி மேலே எடுத்தார். மிதப்பு வந்தது, ஈயக்குண்டு வந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முள்ளே கட்டியிருக்கவில்லை.

"இது என்ன வேலை?" என்று கேட்டேன்.

இந்த நாட்டில் பிடித்த மீனைச் சும்மா திரும்பத் தண்ணீரில் விட முடியாது, உடனே கொல்ல வேண்டும், துடக்கோடு கொல்ல மனமில்லை, அதனால்தான் முள்ளுக் கட்டவில்லை என்றார். அப்படியானால் வீட்டில் இருக்கலாமே என்றேன். இவர் மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில இருந்தா எல்லாரும் கதைக்கச் சொல்லினம். தூண்டிலோட இருந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்."

பக்கத்தில் குந்திவிட்டேன். முதியவர் தன் மீனில் நாலைந்தைப் பையில் போட்டு நீட்டினார். வீட்டில் ஒரு சாவு, எங்களுக்கு மீன் கூடாத காலம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் என்றேன். பையைத் தன் பக்கத்தில் வைத்தார். பிறகு, தன் மனைவி இலையுதிர் காலத்தில் இறந்ததையும், அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துபோனதையும் சொன்னார். எந்த நாள்வரை துக்கம் காக்க வேண்டும் என்று தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றார். நான் அதுவரை எங்கள் துடக்கை ஒரு தொல்லையாகத்தான் எண்ணியிருந்தேன்.

முள் இல்லாத கதையை மச்சாளுக்குப் போனில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வந்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து நேரே ஏரிக்கரைக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னார். தம்பியாரைக் கண்டதும் தூண்டிலை வாங்கி, தானே சுற்றி நூலை வெளியே எடுத்தார். ஈயக்குண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சின்னனில பெரியண்ணை உனக்குக் கட்டித் தந்ததிலயும் முள்ளு இல்லை. தெரியுமோ?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா சொல்லுறியள்?"

சின்ன வயதில் இவர் தூண்டில் முள்ளைப் பெருவிரலில் ஏற்றிக்கொண்டாராம். அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவே கூடாது என்று தாயார் சொல்லிவிட்டார். இவர் விடாமல் அழுதார். பெரியண்ணை ஈயத்தைக் கட்டி, முள்ளுக்குப் பதிலாக இறாலை நூலால் வரிந்து கொடுத்தார். ஊர்ப் பாலத்தடியில் இவர் பின்னேரம் முழுக்கக் காத்திருப்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணை ஆறுதலாகத் தன் மீன் ஒன்றை இவருடைய பையில் போட்டுவிடுவார்.

"முள்ளில்லாததைச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்" என்றார் மச்சாள்.

"எனக்கு மீன் ராசியில்லை எண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புப் பாதியிலேயே கோணிப்போனது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மச்சாள் தூண்டிலைக் கல்லில் வைத்துவிட்டுத் தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சத்தமாக அழுதார்கள். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றும் அங்கே இருந்த முதியவர் மட்டும் திரும்பவில்லை, தன் மிதப்பிலேயே கண் வைத்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியத்தை எங்கள் வீட்டிலேயே சிறிதாகச் செய்தோம். மச்சாள் லீவு போட்டு நின்றார். மறுநாளும் வெயில். இவர் முள்ளுக் கட்டி, மண்புழுக் குத்தி, அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சட்டிக்குப் போதுமான எக்லியோடு வந்தார்கள். முதல் மீனைப் பிடித்தது தான்தான் என்று மச்சாள் சொன்னார், இவர் இல்லையென்றார்.

எக்லியின் செதில் சொரசொரவென்று கத்திக்குக் கீழ்ப்படியாது. நான் சுத்தம் செய்து தர, மச்சாள் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார். கடல் மீன் மாதிரி வருமோ, வெறும் தண்ணிக் குணம் என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்தார். பெரியண்ணை மீன் தலைக்கு ஆரோடும் சண்டைக்கு நிற்பார் என்று இவர் தொடங்கினார். இல்லை, அது நீதான் என்றார் மச்சாள். எனக்கு மாலை வேலை இருந்தது. நான் சப்பாத்துப் போட்டுக் கதவைச் சாத்தும்போதும் அந்த வாக்குவாதம் முடியவில்லை.