கண்ணாடி பார்த்த சார்

திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரி இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஒட்டடைக்கம்பு உயரம். ஆய்வகத்துக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார், கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொள்வார். ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து, சேருமிடத்தில் தெரியும் கோடுகளைப் பார்க்கிற கருவி ஒன்று அங்கே இருந்தது. ரிட்டயராவதற்குள் அந்தக் கோடுகள் ஒரு தடவையாவது ஆடாமல் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வெளிநாட்டில் இதையே லேசர் வைத்துக் கட்டி, விண்வெளியின் நடுக்கத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்களாம். பத்திரிகையில் படித்த சூட்டோடு ஓடினேன்.

"சார், நாமளும் பிடிப்போமா?"

"மொதல்ல பேகம்பூர் தோல் வண்டி நிக்கட்டும்ப்பா." வெளியே தோல் ஏற்றிய மாட்டுவண்டி தடதடக்க, அந்த அதிர்வில் கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன.

ஜன்னல் வழியே கத்தினேன். "அண்ணே, செத்த நேரம் நிறுத்துங்க! சார் கண்ணாடி பாக்கணும்!"

"அவரு மொகத்தைப் பாக்க என் மாடு நிக்கணுமாக்கும்?" என்றார் வண்டிக்காரர். ஆனாலும் நிறுத்தினார்.

கோடுகள் நின்றன. வரைந்து வைத்த மாதிரி நின்றன. பிறகு லேசாக நடுங்கின.

"சார், விண்வெளியா?"

அவர் கைக்குட்டையை இறக்கினார். "இல்லப்பா, நான்தான். மூச்சு விட்டுட்டேன்."

வண்டிக்காரரைப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தார். அவ்வளவு சந்தோஷமாகக் கையசைத்த ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.