பல் பதிந்த ஈயம்

என் வீட்டுப் பரணில் மாமாவின் வீச்சு வலை கிடக்கிறது. பாதியை எலி தின்றுவிட்டது. விளிம்புக் கயிறும் அதில் வரிசையாக மூடிய ஈயக் குண்டுகளும் மட்டும் முழுசாக இருக்கின்றன. எந்தக் குண்டைத் தடவினாலும் என் அத்தையின் பல் பதிந்த பள்ளம் விரலில் தட்டுப்படும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களில் ஒகேனக்கலில் இருந்தாள். மாமா பரிசலில் போய் மீன் பிடிப்பார்; வலை பின்னுவது அத்தை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான் போய் விழுவேன். அப்பப்பா, அவளுக்கு என்ன வாய்! அக்கரையில் நிற்கும் மாமாவை இக்கரையிலிருந்தே சோற்றுக்குக் கூப்பிடுவாள். அருவி இரைச்சலையும் தாண்டி அது அவர் காதில் விழும். “அவ கூப்புட்டா மீனே கரைக்கு வந்துரும்” என்று மாமா கேலி செய்வார்.

பழைய ஈயத்தை உருக்கித் தகடாக்கி, துண்டு துண்டாக நறுக்கி, வலை விளிம்பில் மடித்து வைத்துக் கடைவாய்ப் பல்லால் கடித்து மூடுவாள். சுத்தியலால் அடித்தால் நூல் அறுந்துவிடுமாம். தான் கடித்து மூடிய குண்டு ஒன்றுகூட ஆற்றோடு போனதில்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். கடித்துக் கடித்து வாயெல்லாம் ஈயக் காரல். அதற்கு அவளே கண்டுபிடித்த மருந்து சுருட்டு. “இத இழுத்தாத்தான்டி அந்தக் காரல் போவுது” என்பாள். நூலில் பொறி விழுந்தால் வலை ஓட்டையாகிவிடும் அல்லவா? அதனால் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு புகைப்பாள். அவளைப் போல் அந்தக் கரையில் இன்னும் சில பெண்களும் அப்படித்தான் புகைத்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

பிறகு வாயில் வலது பக்கம் ஒரு புண் வந்தது. சூட்டுக் கொப்புளம் என்றாள். ஆறவில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கத்துப் பல்லால் கடித்தாள். சுருட்டை மட்டும் விடவில்லை, அது இருந்தால்தான் வலி மரத்துப்போகிறது என்றாள். மாமா சுருட்டைத் தொட்டறியாத மனுஷர். அவள் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் பென்னாகரம் சந்தைக்கு ஓடி, “இன்னும் காரமா இருக்கறதாக் குடுங்க” என்று கேட்டு வாங்கி வருவார். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. சுருட்டுதான் வினை என்று வைத்தியருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் போனபோது, அத்தை கரையில் நின்று தட்டைத் தட்டி மாமாவைக் கூப்பிட்டாள். அருவி இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவே இல்லை. அடுத்த ஆடிப் பெருக்குக்கு அவள் இல்லை.

டாக்டருக்குப் படித்த என் மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். “அது வாய்ப் புத்துநோயாத்தான் இருக்கும். அதுக்குப் புகை ஒண்ணே போதுங்க அத்தை. அதோட ஈயமும் வருஷக்கணக்கா வாய்க்குள்ள போயிருக்கு. அதுவும் நல்லதில்ல. எது எவ்வளவு பண்ணுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது” என்றாள். அடப்பாவமே! விஷத்தின் காரல் போக இன்னொரு விஷத்தை அல்லவா இழுத்திருக்கிறாள்!

அன்று மாலை வலையை இறக்கி விளிம்பைத் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பல் தடம் பக்கம் மாறுகிறது. அதற்கப்புறம் பள்ளங்கள் ஆழம் குறைந்துகொண்டே போகின்றன. கடைசிக் குண்டில் பல்லே இல்லை. அவள் போன பிறகு, மிச்சமிருந்த அந்த ஒன்றை மாமா துணி சுற்றிய கூழாங்கல்லால் மெதுவாகத் தட்டி மூடினார். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அந்த வலையை ஆற்றில் வீசினார். இழுத்துப் பார்த்தேன். அங்கே நூல் அறவில்லை, குண்டும் அசையவில்லை.